டிசம்பர் 3க்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தம்பி

2024 பொங்கல் முடிந்த வாரம். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண், அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொல்வதற்குள் கேட்டுவிட்டாள்: "அக்கா, எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க முடியுமா முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

கூடப் படிக்கிற பிள்ளைகள் ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். படிப்பு முடிந்ததும் அங்கே வேலைக்குப் போகலாம். வகுப்பில் சேரப் பாஸ்போர்ட் நகல் கேட்டிருக்கிறார்கள். இவளிடம் ஆதார் இருந்தது, பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ் இருந்தது, மதுரை அரசு மருத்துவமனையில் பிறந்ததற்கான சான்றிதழ் இருந்தது. இவற்றோடு இலங்கைத் தமிழர் முகாமின் குடும்ப அட்டையும் இருந்தது. விண்ணப்பத்தில் "குடியுரிமை" என்ற கட்டத்தில் எதைக் குறிப்பது என்று தெரியாமல் மூன்று வாரமாகக் காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள்.

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முடியாது என்றுதான் மனதுக்குள் நினைத்தேன். அந்த நினைப்பு தவறு. இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணமே அந்தத் தவறுதான். முகாமில் இருக்கிற எல்லாரையும் "அகதி" என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிற பழக்கம் அதிகாரிகளிடம் மட்டுமல்ல, அவர்களுக்காக உழைக்கிற எங்களிடமும் இருக்கிறது. அந்தப் பையை அவிழ்த்து ஒவ்வொருவரின் தேதியையும் தனித்தனியாகப் பார்க்காதவரை யாருக்கும் நியாயம் வாங்கித்தர முடியாது.

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களைச் சொல்லவில்லை. மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று மூன்று முகாம்கள் உண்டு. எந்த முகாம் என்றும் சொல்லவில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கிற விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டம் எடைபோடுகிற தேதிகளின் முன்பின் வரிசையை மட்டும் மாற்றவில்லை.

வீட்டில் ஐந்து பேர்

அம்மாயி, அதாவது அந்தப் பெண்ணின் அம்மாவைப் பெற்றவர். 1956ல் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பா, மன்னார்க்காரர், 1980ல் பிறந்து 1990ல் படகில் வந்தவர், பெயின்ட் வேலை. அம்மா வீட்டோடு தையல் வேலை. மகள் 2004 ஆகஸ்டில் பிறந்தவள். மகன் 2007 அக்டோபரில் பிறந்தவன். என்னிடம் வந்தபோது பிளஸ் ஒன். போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று தினமும் விடியலில் ரிங் ரோட்டில் ஓடுகிற பையன். அந்த வேலைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று அவனுக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

ஐந்து பேருக்கும் ஒரே அட்டை. மாதத் தணிக்கையில், முகாமில் "செக்கிங்" என்பார்கள், வருவாய் ஆய்வாளர் முன்னால் ஐந்து பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டால்தான் பணக்கொடை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தபோது குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு 500 என்று அந்தத் தொகை உயர்ந்தது. "அகதிகள் முகாம்" என்ற பெயரும் "மறுவாழ்வு முகாம்" என்று அப்போதுதான் மாறியது. மாற்றியது நல்ல காரியம். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் பேசியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பலகையில் பெயர் மாறியதால் சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்குமுன் சொற்களைக் கொஞ்சம் பிரித்துக்கொள்ள வேண்டும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி, இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து இவற்றில் ஏதாவது ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் நாட்டைவிட்டு வெளியே வந்து, திரும்ப முடியாமல் இருப்பவர் அகதி. அப்படி என்னை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் தஞ்சம் கோருபவர். எல்லையைத் தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்து அலைபவர் உள்நாட்டு இடம்பெயர்ந்தவர். எந்த நாடும் தன் குடிமகன் என்று ஒப்புக்கொள்ளாதவர் நாடற்றவர். முதலில் ஐரோப்பாவையும், 1951க்கு முன்பு நடந்தவற்றையும் மனதில் வைத்து எழுதப்பட்ட உடன்படிக்கை அது. 1967ன் நெறிமுறைதான் அந்த வேலியை எடுத்தது. இந்தியா இரண்டிலும் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று இங்கே தனிச்சட்டமும் கிடையாது. அனுமதி இல்லாமல் உள்ளே வந்த வெளிநாட்டவர் என்ற ஒரே கண்ணாடி வழியாகத்தான் எல்லாரையும் பார்க்கிறது நம் சட்டம். 2003ல் குடியுரிமைச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம் இவர்களுக்கு "சட்டவிரோதக் குடியேறி" என்று பெயர் வைத்து, பதிவு மூலமோ நீண்டகாலம் வாழ்ந்ததன் மூலமோ குடியுரிமை பெறும் வழிகளை அடைத்தது. 2019ன் திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த ஆறு மதத்தினருக்கு அந்த அடைப்பைத் திறந்துவிட்டது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. இந்து, கிறித்தவத் தமிழர்கள் பக்கத்துக் கடலிலிருந்து வந்தும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். ஏன் என்ற கேள்விக்கு ஏற்கத்தக்க பதில் எதையும் நான் இதுவரை கேட்கவில்லை.

மலிபன் டின்

இரண்டாவது சந்திப்புக்கு நான் முகாமுக்குப் போனேன். அம்மாயி கட்டிலுக்கடியிலிருந்து மலிபன் பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தார். மூடி துருவேறிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்துபோன தாள்கள். மடிப்புகளைப் பழைய காலண்டர் தாள் ஒட்டித் தாங்க வைத்திருந்தார். மேலே இருந்தது அவருடைய அப்பா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததன் ரசீது.

அந்த ரசீதுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன ஜனங்கள் முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் வளர்த்தார்கள். சுதந்திரம் வந்த 1948லேயே இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974ல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அம்மாயியின் அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். பதில் வருவதற்குள் இறந்துபோனார். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு வவுனியா பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு அங்கேயும் இருக்க முடியவில்லை. 1984 தொடக்கத்தில், வயிற்றில் பிள்ளையோடு, மண்டபம் முகாம்.

"அந்த முகாமைப் பாத்ததும் எங்க ஆத்தா அழுதுச்சு தாயி. அவுங்க அப்பன் சின்னப் புள்ளையில இதே எடத்துல தங்கித்தான் சிலோனுக்குப் போனாராம்."

அது வெறும் குடும்பக் கதை அல்ல. மண்டபம் முகாம் பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைக்குப் போகும் தோட்டத் தொழிலாளர்களை நிறுத்திவைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம். மூன்று தலைமுறைக்கு முன் வெளியே போன வாசல் வழியாகவே பேத்தி அகதியாக உள்ளே வந்திருக்கிறார்.

1984 ஜூனில் அங்கே பெண் குழந்தை பிறந்தது. 1987 ஜூலை 29ல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் பல குடும்பங்களைப் போல இவர்களும் நம்பித் திரும்பினார்கள். வவுனியாவில் 1988ல் ஓர் ஆண் குழந்தை. 1990 ஜூனில் மறுபடி போர். மறுபடி படகு. மறுபடி மண்டபம். அங்கிருந்து மதுரை. அந்த ஆண் குழந்தை அடுத்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டது. அதை அம்மாயி சொன்னபோது டின்னின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் செய்த பிழை

முதலில் நான் எழுதிக்கொடுத்த மனு ஐந்து பேருக்கும் சேர்த்தது. எல்லாரும் நெடுங்காலமாக இங்கேயே வாழ்கிறார்கள், வம்சாவளியில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள், ஆகவே குடியுரிமை வழங்குங்கள் என்று உருக்கமாக எழுதியிருந்தேன். 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 65 முகாம்வாசிகளின் வழக்கில், இந்திய வம்சாவளியினரின் விண்ணப்பங்களை 16 வாரத்துக்குள் பரிசீலிக்கச் சொன்ன தீர்ப்பையும் இணைத்திருந்தேன். மனு நான்கு மாதத்தில் திரும்பி வந்தது. உரிய கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தவர்கள் பதிவுக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒற்றைப் பத்தி.

திரும்பி வந்ததுகூடப் பெரிதில்லை. நான்கு மாதத்தைத் தின்றதோடு, அந்த மனு அம்மாவுக்கும் மகளுக்கும் நேரடியாகவே தீங்கு செய்திருந்தது. குடியுரிமை கொடுங்கள் என்று கேட்டால், என்னிடம் குடியுரிமை இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. அந்த இரண்டு பேரிடமும் அது பிறந்த நாளிலிருந்தே இருந்தது.

குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுக்க உட்கார்ந்தேன். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், தூதரகத்தார் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்பு வரை பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3லும் அதற்குப் பிறகும் பிறந்தவர் என்றால் இரண்டு பேருமே குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

அம்மா 1984ல் மண்டபத்தில் பிறந்தவர். இந்தியர். மகள் 2004 ஆகஸ்டில் பிறந்தவள், அம்மா இந்தியர், ஆகவே அவளும் இந்தியர். மகன் 2007. அம்மா இந்தியர்தான், ஆனால் அப்பா படகில் வந்தவர். அவன் இந்தியன் இல்லை.

ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ஆஸ்பத்திரி. அக்கா அந்தத் தேதிக்கு மூன்றரை மாதம் முன்னால் பிறந்தாள், தம்பி மூன்று வருஷம் பின்னால் பிறந்தான். நாற்பது வருஷமாக இந்தியக் குடிமகளாக இருந்த அம்மா, 1990லிருந்து வரிசையில் நின்று "இலங்கை அகதி" என்ற தலைப்பின் கீழ் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் ஏமாற்றவில்லை. படகில் வந்திறங்கிய குடும்பத்தை மொத்தமாக எழுதினார்கள். அந்தக் குழந்தை எங்கே பிறந்தது என்று எழுதுபவர் கேட்கவில்லை, அம்மாயிக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இந்த வாதம் புதிதுமல்ல. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022 ஆகஸ்டில் இதே மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்தது. திருச்சி முகாமில் வாழ்ந்த அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தச் செய்தி முகாமில் எல்லார் செல்போனிலும் ஓடியது. ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் இருக்கிற அந்த நீதிமன்றம் என் அலுவலகத்திலிருந்து அரைமணி நேரப் பஸ் தூரம். அந்தத் தீர்ப்பை நானும் படித்திருந்தேன். படித்திருந்தும், என் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் பிறந்த ஊரை முதல் நாளே கேட்காமல் விட்டேன்.

பதிவேட்டில் ஒரு வரி

உரிமை தெளிவு. சான்று எங்கே? முகாம் அட்டையில் அம்மாவின் வயதைக் கணக்குப் போட்டால் பிறந்த ஆண்டு 1988 வந்தது. 1988 என்றால் அவர் இந்தியர் இல்லை. மகளுக்கும் எதுவும் இல்லை. மொத்த வழக்கும் அந்த நான்கு வருஷத்தில் தொங்கியது.

அம்மாயியிடம் திரும்பத் திரும்பக் கேட்டதில் புரிந்தது. 1990ல் அட்டை எழுதும்போது இரண்டு பிள்ளைகளின் வயதும் இடம் மாறி விழுந்திருக்கிறது. செத்துப்போன தம்பியின் வயதோடு அக்கா முப்பத்து நான்கு வருஷம் வாழ்ந்திருக்கிறார். பள்ளிச் சான்றிதழும் அட்டையைப் பார்த்தே எழுதப்பட்டதால் அதிலும் 1988.

பிறப்புப் பதிவேட்டில் தேடச் சொல்லி மனுப் போட்டோம். முதலில் "பதிவு இல்லை" என்று பதில் வந்தது. பெயரை வைத்துத் தேடியிருந்தார்கள். நாங்களே நேரில் போய், 1984 ஜூன் மாதப் பக்கங்களை மட்டும் காட்டும்படி கேட்டோம். பதிவேட்டைக் கொண்டுவந்த ஊழியர் நல்ல மனிதர். மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். பெயர்க் கட்டம் காலி. "பெண்" என்று மட்டும் எழுதியிருந்தது. முகவரி: அகதிகள் முகாம். அப்பா பெயரில் வரவேண்டிய வல்லின றகரம் இடையின ரகரமாகியிருந்தது. இலங்கைக்காரர்கள் "கறுப்பு" என்று எழுதுவதை நம்மூர் எழுத்தர் "கருப்பு" ஆக்கியிருந்தார். அம்மா பெயர் சரியாக இருந்தது.

அந்த வரியைக் காட்டியபோது அம்மா வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. காலியாக இருந்த பெயர்க் கட்டத்தின் மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மகளைப் பார்த்து, "எனக்கு நாப்பது வயசாடி?" என்றார்.

அதற்கப்புறம் நடந்தவை வக்கீல்களுக்குப் பழக்கமானவை. பெயர் சேர்ப்பு, எழுத்துப் பிழைக்கு உறுதிமொழிப் பத்திரம், வயது மாறியதற்கு அம்மாயியின் வாக்குமூலம், பாஸ்போர்ட் விண்ணப்பம், காவல்துறை விசாரணையில் "இலங்கை அகதி" என்று எதிர்மறை அறிக்கை, அதன்மேல் ரிட் மனு. குழந்தையாக மூன்று வருஷம் இலங்கையில் இருந்ததால் குடியுரிமை போய்விடாதா என்று ஒரு கேள்வி வந்தது. வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றால்தான் போகும். அந்தக் குழந்தை எதையும் பெறவில்லை. 2025 மார்ச்சில் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் வந்தது, மே மாதம் மகளுக்கு.

அப்பா

அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 58 ஆயிரம் பேர் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களிலும், ஏறத்தாழ 34 ஆயிரம் பேர் காவல் நிலையத்தில் வெளிப்பதிவு செய்துகொண்டு வெளியேயும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் நிலை அம்மாயி நிலையல்ல, அப்பாவின் நிலைதான்: இலங்கைக் குடிமக்களாகப் பிறந்து, போருக்குத் தப்பி வந்தவர்கள். பத்து வயதில் மன்னார்க் கரையில் படகேறி, இராமேசுவரத்துக்கு அருகே ஒரு மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, விடியும்வரை அங்கேயே நின்றதைச் சொல்லும்போது அவர் குரல் மாறாது. ஆனால் அந்தத் திட்டில் தண்ணீர் முழங்கால்வரை ஏறியது என்று சொல்கிற இடத்தில் கையால் அளந்து காட்டுவார். பத்து வயதுப் பையனின் முழங்கால் உயரத்துக்குக் கை தாழும்.

உலகக் கணக்கில் அவர் அபூர்வமானவர் அல்லர். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்குப்படி 2024 முடிவில் பலவந்தமாக இடம்பெயர்ந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம். அதில் 7 கோடியே 35 லட்சம் பேர் சொந்த நாட்டை விட்டுத் தாண்டாதவர்கள். சூடானில் மட்டும் அப்படி ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல். எல்லை தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். ஆப்கானியர் ஈரானிலும் பாகிஸ்தானிலும், சிரியர் துருக்கியிலும் லெபனானிலும், ரோகிங்கியர் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரிலும். அகதிகள் எல்லாரும் பணக்கார நாடுகளை நோக்கிப் படையெடுக்கிறார்கள் என்று தொலைக்காட்சி விவாதங்களில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம். ஓடுகிறவன் முதலில் தெரிகிற கரையில்தான் ஏறுவான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் அளவுதான் கடல்.

ரோகிங்கியர் கதையும் அம்மாயி கதையும் ஒன்றுபோல இருப்பதைக் கவனிக்க வேண்டும். மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியே தள்ளியது. 2017ல் ஊர்கள் எரிந்தன. இலங்கையில் 1948ன் சட்டம். பிறகு 1958, 1977, 1983. முதலில் காகிதத்தில் ஆளை வெளியேற்றுகிறார்கள், வீட்டை எரிப்பது பின்னால் வருகிறது. ஆகவே குடியுரிமைச் சட்டத்தில் ஓர் உட்பிரிவு மாறுகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

காத்திருந்து சலித்தவர்கள் இரண்டாவது கடலைத் தேடுவதும் இந்த வரலாற்றில் உண்டு. 2010ல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் கனடா போய்த் தஞ்சம் கோரினார்கள். 2021ல் இந்தியக் கரையிலிருந்து கனடாவை நோக்கிப் புறப்பட்ட படகு பழுதாகி, அதிலிருந்தவர்கள் இந்தியப் பெருங்கடலின் டியேகோ கார்சியா ராணுவத் தீவில் மூன்று வருஷத்துக்கு மேல் கூடாரங்களில் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இங்கே தஞ்சம் கேட்கவே ஒரு நடைமுறை இல்லை என்பதால்தான், கேட்க முடிகிற நாட்டைத் தேடிக் கடலில் இறங்குகிறார்கள்.

2025 செப்டம்பரில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து அதன்கீழ் விலக்கு அளித்தார்கள். அதை அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஓம் மேடம், பிடிச்சு அனுப்ப மாட்டினம். அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான். ஆனாலும் முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அது சின்ன விஷயமில்லை என்றும் சொன்னேன். சக்மா அகதிகள் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் இருக்கிற எல்லா மனிதருக்கும் உயிர்ப் பாதுகாப்புத் தருகிறது என்று. அந்தத் தீர்ப்பையும் அன்று அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அம்மாயிக்குத் தனி மனு கொடுத்திருக்கிறோம். 2003ல் இலங்கை ஒரு சட்டம் போட்டு அங்கே நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. 2009ல் இந்தியாவுக்கு இடம்பெயர்ந்தவர்களையும் அதில் சேர்த்தது. ஆகவே நினைத்தால் அவர் இலங்கைக் குடிமகள் ஆகலாம். "மகளும் பேத்தியும் இங்க, நான் யாருக்குத் தாயி அங்க போயி?" என்கிறார். அவருடைய டின்னில் இருக்கிற 1964 ஒப்பந்தக் கால ரசீதுக்கு இந்தியா இன்னும் பதில் சொல்லவில்லை என்பதுதான் எங்கள் மனுவின் சாரம்.

தம்பியின் கணக்கு

மகனுக்கு ஒரு வழி இருந்தது. சட்டத்தின் 5ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, தனிச் சூழ்நிலை இருந்தால் எந்த மைனரையும் இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மைனர் என்றால் பதினெட்டு வயதுக்குள். அவனுக்கு 2025 அக்டோபரில் பதினெட்டு முடியும். நான் கூட்டு மனுவில் தொலைத்த நான்கு மாதத்தின் விலை இங்கேதான் தெரிந்தது. அம்மாவின் குடியுரிமை நிரூபணமான பிறகுதான் இவனுடைய மனுவுக்கு உயிர் வரும். அம்மாவின் பாஸ்போர்ட் வந்தது மார்ச். ஏப்ரலில் அனுப்பினோம். மனுப் போட்ட நாளில் அவன் மைனர், ஆகவே அந்த நாளை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது எங்கள் வாதம். பதில் வரவில்லை. அக்டோபர் வந்து போனது.

அவனிடம் இதை விளக்கியது மொட்டைமாடியில். அப்பாவோடு லீவுக்குப் பெயின்ட் அடிக்கப் போய்வந்த கை, நகக்கண்ணில் வெள்ளைச் சுண்ணாம்பு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் ரெண்டாயிரத்து நாலுல பொறந்திருந்தா போலீஸாகலாமா அக்கா?" என்றான். ஆகலாம் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. இப்போதும் காலையில் ஓடுகிறான்.

அம்மாயிக்கு இதைப் புரியவைக்கப் பேத்திதான் பாடுபட்டாள். தோட்டத்தில் முழு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். நேரம் தவறினாலோ கொழுந்து எடை குறைந்தாலோ கங்காணி அரைப்பேர்தான் போடுவார், பாதிக் கூலி. எல்லாம் கேட்டு முடித்தபின் அம்மாயி என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவளுக்கு முழுப்பேரு, இவனுக்கு மட்டும் அரைப்பேரா தாயி? ஒரே வயித்துலதானே ரெண்டும் வந்துச்சு?"

இன்னொரு சிக்கலும் கிளம்பியிருக்கிறது. அம்மாவும் மகளும் இந்தியர் என்றால் முகாம் பதிவில் அவர்கள் பெயர் இருக்கலாமா, பணக்கொடை வாங்கலாமா, அந்த வீட்டில் தங்கலாமா? மூன்று அலுவலகங்களில் கேட்டோம். மூன்று பதில் வந்தது, எதுவும் எழுத்தில் இல்லை. பெயரை நீக்கினால் அம்மாவும் மகளும் வெளியே வாடகைக்குப் போக வேண்டும், அப்பாவும் மகனும் அம்மாயியும் முகாமில் இருக்க வேண்டும். முகாமில் வேறு சில வீடுகளிலும் 1987க்கு முன் மண்டபத்தில் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பயத்தாலேயே பிறப்புப் பதிவேட்டைத் தேட வேண்டாம் என்று இரண்டு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. குடியுரிமை நிரூபணமானவர்களின் குடும்பத்தைப் பிரிக்காமல் அதே வீட்டில் இருக்க விடும் ஓர் ஆணையை மாநில அரசு பிறப்பித்தால் போதும், அந்த இரண்டு பேரும் நாளைக்கே வருவார்கள். அதற்கான கோரிக்கையை மறுவாழ்வுத் துறைக்கு அனுப்பியிருக்கிறோம்.

மகள் ஜெர்மன் வகுப்பில் இரண்டாவது நிலையை முடித்துவிட்டாள். போன மாதத் தணிக்கைக்கு நானும் போயிருந்தேன். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டே வரிசையில் நின்றாள். பெயரைக் கூப்பிட்டதும் போய்க் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மேசையில் வைக்காமல் பின்னால் நின்ற தம்பியிடம் கொடுத்தாள். அடுத்த வரி அவனுடையது.